பல்லி விஷத்தில் தொடங்கிய நீரிழிவு மருந்து: சர்க்கரையைத் தாண்டி என்ன செய்கிறது?

வாரத்துக்கு ஒரே ஒரு ஊசி. வயிற்றிலோ தொடையிலோ போட்டுக்கொண்டால் போதும்.

ஓஸெம்பிக், வீகோவி, மவுன்ஜாரோ... இந்தப் பெயர்களைக் கேள்விப்படாத இளையர்கள் இன்று குறைவு.

"அது பல்லி விஷத்துல செஞ்சதாமே?" என்பார் ஒருவர். "எடை குறையும், இதயத்துக்கு நல்லது, ஞாபகமறதிகூட வராதாம்!" என்று சேர்த்துக்கொள்வார் இன்னொருவர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தகவல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதில் எது உண்மை? எது பாதி உண்மை? எது இன்னும் நிரூபிக்கப்படாதது?

நமக்கு இது வெறும் பொது அறிவுத் தகவல் இல்லை. சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். மலேசியாவில் 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. அதாவது ஏறத்தாழ 6 பேரில் ஒருவர். அந்த ஒருவர் நம் அப்பாவாகவோ பாட்டியாகவோ இருக்கக்கூடும்.

சுருக்கமாக:

• முதல் மருந்துக்கான வழியைக் காட்டியது பல்லி விஷம். ஆனால் ஓஸெம்பிக்கில் பல்லி விஷம் இல்லை.

• இதயம், சிறுநீரகம், கல்லீரல், தூக்கத்தில் மூச்சுத்தடை ஆகியவற்றில் நன்மை இருப்பதைப் பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் எல்லா மருந்துக்கும் எல்லா நன்மையும் கிடையாது.

• பார்கின்சன், அல்ஸைமர் நோய்களில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

• இவை மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டுமே பெறவேண்டிய மருந்துகள்.

எந்தப் பல்லி?

வீட்டுச் சுவரில் ஓடும் பல்லி இல்லை. பயப்படவேண்டாம்!

இதன் பெயர் கீலா மான்ஸ்டர். ஆங்கிலத்தில் "ஹீலா" என்று உச்சரிப்பார்கள். மலாய்மொழியில் கீலா என்றால் பைத்தியம் என்பது நமக்குத் தெரியும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஓடும் கீலா ஆற்றின் பெயர் அது.

அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் உள்ள வறண்ட நிலங்களில் இந்தப் பல்லி வாழ்கிறது. கறுப்பும் ஆரஞ்சும் கலந்த, மணி கோத்ததுபோன்ற தோல். சுமார் அரை மீட்டர் நீளம். வாழ்நாளில் பெரும்பகுதியை மண்ணுக்கு அடியில் கழிக்கும். பாம்பின் விஷச் சுரப்பி மேல்தாடையில் இருக்கும். இதற்கோ கீழ்த்தாடையில்.

கடித்தால் வலி உயிர்போகும். ஆனால் உண்மையிலேயே உயிர் போவது மிக அரிது.

விஷத்துக்குள் மருந்தைக் கண்டவர் யார்?

1980களிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். இந்தப் பல்லியின் விஷம் கணையத்தைத் தூண்டியது.

நியூயார்க்கின் பிராங்ஸ் வட்டாரத்தில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனை ஒன்று உள்ளது. அங்கே பணியாற்றியவர் டாக்டர் ஜான் எங். ஹார்மோன் நோய்களில் நிபுணர்.

பல ஹார்மோன்கள் ஹிஸ்டிடின் எனும் அமினோ அமிலத்தில் தொடங்கும். அப்படித் தொடங்கும் பொருள் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடும் முறை ஒன்றை அவர் உருவாக்கினார். உலர்த்திய பல்லி விஷத்தை அந்த முறையில் சோதித்தார். இதுவரை யாரும் பார்க்காத ஒரு பொருள் சிக்கியது.

1992ஆம் ஆண்டில் அதை அவர் உலகுக்கு அறிவித்தார். பெயர் எக்ஸெண்டின்-4.

அவர் வேலைசெய்த அமைப்பு அதற்குக் காப்புரிமை பெற ஆர்வம் காட்டவில்லை. சொந்தமாகவே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார் எங். பின்னர் 1996இல் ஏமிலின் என்ற சிறிய மருந்து நிறுவனம் அதற்கான உரிமத்தைப் பெற்றுக்கொண்டது.

ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட எக்ஸெண்டின்-4தான் எக்ஸெனடைட் எனும் மருந்து. 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் பையெட்டா என்ற பெயரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இந்த வகையில் சந்தைக்கு வந்த முதல் மருந்து அது.

இதற்காக எந்தப் பல்லியையும் பிடித்து விஷம் எடுப்பதில்லை. எல்லாம் ஆய்வகத்தில் உருவாவது.

2 நிமிடச் சிக்கல்

சரி, அந்தப் பொருளில் அப்படி என்ன சிறப்பு?

நாம் சாப்பிட்டதும் குடல் ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அதன் பெயர் ஜிஎல்பி-1. அது செய்யும் வேலைகள் நான்கு:

• ரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் இன்சுலின் சுரக்கும்படி கணையத்துக்குச் சொல்லும்.

• சர்க்கரையைக் கூட்டும் குளுகாகன் ஹார்மோனைக் குறைக்கும்.

• இரைப்பையிலிருந்து உணவு மெதுவாக இறங்கும்படி செய்யும்.

• "போதும், வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று மூளைக்குச் செய்தி அனுப்பும்.

முதல் வேலையில் ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. சர்க்கரை கூடியிருக்கும்போதுதான் இன்சுலின் தூண்டப்படுகிறது. அதனால் இந்த மருந்தைத் தனியாக எடுத்துக்கொண்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் ஆபத்து குறைவு.

அப்படியென்றால் அந்த ஹார்மோனையே ஊசியாகப் போட்டுவிடலாமே? அங்கேதான் சிக்கல். நம் உடலில் உள்ள ஒரு நொதி, சுமார் 2 நிமிடத்தில் ஜிஎல்பி-1ஐ வெட்டிச் செயலிழக்க வைத்துவிடும்.

பல்லியின் எக்ஸெண்டின்-4, நம் ஜிஎல்பி-1ஐ ஏறத்தாழ பாதி ஒத்திருக்கிறது. அதே பூட்டைத் திறக்கும் சாவி. ஆனால் அந்த நொதி வழக்கமாக வெட்டும் இடத்தில் வேறோர் அமினோ அமிலம் இருக்கிறது. அதனால் வெட்டு விழுவதில்லை. அதன் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் இரண்டரை மணிநேரம் ஆகும்.

2 நிமிடம் எங்கே, இரண்டரை மணிநேரம் எங்கே! இந்த வகை ஹார்மோனை மருந்தாக்க முடியும் என்று மருத்துவ உலகம் நம்பத் தொடங்கியதற்கு அது முக்கியக் காரணம்.

அப்போ ஓஸெம்பிக்கில் பல்லி விஷம் இருக்கா?

இல்லை.

ஓஸெம்பிக், வீகோவி இரண்டிலும் இருப்பது செமக்ளுடைட். அதற்கு முன் வந்தது லிராக்ளுடைட். இரண்டையும் உருவாக்கியது டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவனம். மனித ஜிஎல்பி-1ஐ எடுத்து, அதில் சில மாற்றங்கள் செய்து, ஒரு கொழுப்புச் சங்கிலியை இணைத்தார்கள். அது ரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பயணிக்கும். அதனால்தான் செமக்ளுடைட்டை வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும்.

மவுன்ஜாரோவின் கதை கொஞ்சம் வேறு. அதில் இருக்கும் டிர்ஸெபடைட், ஜிஐபி, ஜிஎல்பி-1 ஆகிய இரண்டு ஹார்மோன்களின் வேலையையும் செய்கிறது. அதன் அமினோ அமிலச் சங்கிலியின் கடைசி ஒன்பது கண்ணிகள், எக்ஸெண்டின்-4இன் கடைசி ஒன்பது கண்ணிகளேதான்! பல்லியின் வால் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது எனலாம்.

ஆக, "பல்லி விஷத்திலிருந்து வந்த மருந்து" என்பது எக்ஸெனடைட்டுக்கு முழுமையாகப் பொருந்தும். ஓஸெம்பிக்கிற்குப் பொருந்தாது.

விஷத்திலிருந்து வந்த மருந்து இது ஒன்றுதானா?

இல்லை. ரத்தக்கொதிப்புக்குத் தரப்படும் கேப்டொப்ரில் மாத்திரை 1981இல் அமெரிக்க அனுமதி பெற்றது. பிரேசிலின் ஜரராக்கா எனும் விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் கிடைத்த வழி அது.

நம் வட்டாரத்திலும் ஒரு கதை உண்டு. 1960களில் பினாங்கில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட், மலாயா விரியன் பாம்பு கடித்தவர்களின் ரத்தம் பல நாள்களுக்கு உறையாமல் இருப்பதைக் கவனித்தார். அந்த விஷத்திலிருந்து அன்க்ராட் எனும் மருந்து பிறந்தது. பக்கவாதத்துக்கு அது உதவும் என்று பெரிய நம்பிக்கை இருந்தது. ஆனால் பிந்திய ஆய்வுகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

பொருள் சுவாரஸ்யமாக இருப்பது வேறு. மனிதர்களுக்கு உதவுகிறது என்று நிரூபிப்பது வேறு. இனி வரும் பகுதிகளைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதயம்: எண்கள் என்ன சொல்கின்றன?

நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து அதிகம். சர்க்கரையைக் குறைத்தால் மட்டும் அந்த ஆபத்து நீங்கிவிடுவதில்லை. அதனால் புதிய நீரிழிவு மருந்துகள் இதயத்துக்குப் பாதுகாப்பானவையா என்று தனியாகச் சோதிக்கப்பட்டன.

பல்லியின் நேரடி வாரிசான எக்ஸெனடைட்டையே முதலில் பார்ப்போம். வாரம் ஒருமுறை போடும் வடிவத்தை 14,752 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2017இல் வந்தது. மருந்து பெற்றவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது இதயநோய் மரணம் ஏற்பட்டது. மருந்து சேர்க்காத வெற்று ஊசி பெற்றவர்களில் அது 12.2 விழுக்காடு. வித்தியாசம் சிறியது. அது தற்செயலாகக்கூட வந்திருக்கலாம். இதயத்துக்குக் கெடுதல் இல்லை என்பது உறுதியானது. நன்மை உறுதியாகவில்லை.

மற்ற மருந்துகளில் முடிவு வேறாக இருந்தது:

• லிராக்ளுடைட், 2016: ஆய்வில் 9,340 பேர். இதய, ரத்தநாளப் பாதிப்புகளின் ஆபத்து 13 விழுக்காடு குறைந்தது.

• செமக்ளுடைட், 2016: ஆய்வில் 3,297 பேர். 26 விழுக்காடு குறைந்தது.

• எஃப்பெக்லெனடைட், 2021: ஆய்வில் 4,076 பேர். 27 விழுக்காடு குறைந்தது. இதுவும் பல்லியின் எக்ஸெண்டினை அடிப்படையாகக் கொண்டதுதான்!

பிறகு 2023இல் இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. இதில் பங்கேற்ற 17,604 பேருக்கும் நீரிழிவே கிடையாது. உடல் எடை அதிகம், ஏற்கெனவே இதய அல்லது ரத்தநாள நோய் உண்டு. அவர்களுக்கு வீகோவி அளவில் செமக்ளுடைட் கொடுத்ததில் ஆபத்து 20 விழுக்காடு குறைந்தது.

20 விழுக்காடு என்றால் 100 பேரில் 20 பேர் காப்பாற்றப்பட்டார்கள் என்று அர்த்தமில்லை. சராசரியாக மூன்று ஆண்டுக்கும் சற்று அதிகமான காலத்தில், வெற்று ஊசி பெற்ற 100 பேரில் 8 பேருக்குப் பாதிப்பு வந்தது. மருந்து பெற்ற 100 பேரில் அது 6.5 ஆகக் குறைந்தது. தலைப்புச் செய்தியில் 20 என்று பார்க்கும்போது, 8 எப்படி 6.5 ஆனது என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும்.

இதயநோய் உள்ளவர்களுக்கு அது சிறிய நன்மை இல்லை. ஆனால் இதயநோயே இல்லாத, ஆரோக்கியமான 25 வயது இளையரை அந்த ஆய்வு சோதிக்கவில்லை.

சிறுநீரகம்: நம் குடும்பங்களுக்கு முக்கியமான பகுதி

சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்போரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நீரிழிவுதான் காரணம். வாரத்துக்கு மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வரும் உறவினர் உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். அது எவ்வளவு சிரமம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

2024இல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டாம் வகை நீரிழிவும் நாட்பட்ட சிறுநீரக நோயும் உள்ள 3,533 பேரிடம் செமக்ளுடைட்டைச் சோதித்தது. சிறுநீரகச் செயலிழப்பு, சிறுநீரகச் செயல்திறன் பாதியாகக் குறைவது, சிறுநீரக அல்லது இதயநோய் மரணம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினார்கள். வெற்று ஊசி பெற்றவர்களில் 410 பேருக்கு அத்தகைய பாதிப்பு. மருந்து பெற்றவர்களில் 331 பேருக்கு. அதாவது ஆபத்து 24 விழுக்காடு குறைவு.

பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்கா இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி தந்தது.

கல்லீரலும் குறட்டையும்

கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து வீக்கம் வருவது, மது அருந்தாதவர்களிடமும் அதிகரித்துவரும் பிரச்சினை. செமக்ளுடைட் பெற்றவர்களில் 62.9 விழுக்காட்டினருக்கு 72 வாரத்தில் அந்த வீக்கம் தணிந்தது. வெற்று ஊசி பெற்றவர்களில் 34.3 விழுக்காட்டினருக்கே தணிந்தது. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

தூக்கத்தில் மூச்சுத்தடை இருப்பவர்கள் பலமாகக் குறட்டை விடுவார்கள். இரவில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வரும். உடல் பருமனும் இந்தப் பிரச்சினையும் உள்ளவர்களிடம் டிர்ஸெபடைட் சோதிக்கப்பட்டது. ஒரு மணிநேரத்தில் மூச்சு தடைபடும் எண்ணிக்கை ஓராண்டில் 25க்கும் மேல் குறைந்தது. வெற்று ஊசியில் 5 அளவுக்கே குறைந்தது. 2024 டிசம்பரில் இதற்கும் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

எல்லாம் எடை குறைவதாலா?

மூச்சுத்தடை குறைவதற்கு எடைக்குறைப்பு முக்கியக் காரணம்.

இதயத்தில் கதை அவ்வளவு எளிதில்லை. 17,604 பேர் பங்கேற்ற அந்த ஆய்வைத் திரும்பப் பார்த்தபோது, எடை கொஞ்சமாகக் குறைந்தவர்களுக்கும் இதய நன்மை கிடைத்திருந்தது. இடுப்புச் சுற்றளவு குறைந்தது நன்மையில் சுமார் மூன்றில் ஒரு பங்கையே விளக்கியது.

மீதிக்கு என்ன காரணம்? ரத்த அழுத்தம் குறைவதும் உடலில் அழற்சி தணிவதும் உதவியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆய்வு தொடர்கிறது.

எதில் ஏமாற்றம்?

பார்கின்சன்: 2017இல் பிரிட்டனில் சுமார் 60 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில் எக்ஸெனடைட் நம்பிக்கை தந்தது. "பல்லி விஷம் மூளையைக் காக்குமா?" என்று உலகமே பேசியது. பின்னர் 194 பேரிடம் 96 வாரம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. நோய் மோசமாவதை மருந்து தடுக்கவில்லை.

அல்ஸைமர்: சுமார் 3,800 பேர் பங்கேற்ற இரண்டு ஆய்வுகளில் செமக்ளுடைட் மாத்திரை நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை என்று நோவோ நோர்டிஸ்க் நிறுவனமே 2025 நவம்பரில் அறிவித்தது.

எனவே "ஞாபகமறதி வராதாம்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால், இப்போதைக்கு அதற்கு ஆதாரமில்லை.

பக்கவிளைவுகள் என்ன?

• குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல். பெரும்பாலும் தொடக்கத்திலும் மருந்தின் அளவைக் கூட்டும்போதும் வரும்.

• பித்தப்பைக் கற்கள், அரிதாகக் கணைய வீக்கம். கடுமையான வயிற்றுவலி நிற்காமல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

• ஏற்கெனவே விழித்திரை பாதிக்கப்பட்ட நீரிழிவு நோயாளிகளுக்கு, சர்க்கரை வேகமாக இறங்கும்போது அது மோசமாகலாம். கண் பரிசோதனை அவசியம்.

• எடையோடு தசையும் குறையும். போதிய புரதமும் எடைதூக்கும் உடற்பயிற்சியும் தேவை.

• இன்சுலின் அல்லது வேறு சில சர்க்கரை மாத்திரைகளோடு சேர்த்து எடுத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். விரதமோ நோன்போ இருப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசவேண்டும்.

• கர்ப்பிணிகளுக்கு ஏற்றதல்ல. குழந்தைக்குத் திட்டமிட்டால் குறைந்தது 2 மாதத்துக்கு முன்பே செமக்ளுடைட்டை நிறுத்தவேண்டும்.

இன்னொன்று. ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும். செமக்ளுடைட்டை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பிவந்திருந்தது. கல்யாணத்துக்கு முன் மூன்று மாதம் போட்டு நிறுத்திவிடலாம் என்ற கணக்கு பலிக்காது.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே?

வேண்டாம். 2024 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனம் போலி ஓஸெம்பிக் குறித்து எச்சரிக்கை விடுத்தது. ஊசிக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

சிங்கப்பூரில் இவை மருத்துவரின் பரிந்துரையின்பேரில் மட்டுமே தரப்படும் மருந்துகள். மாதத்துக்குப் பல நூறு வெள்ளி ஆகலாம். விலை அதிகம் என்பது உண்மையான கவலை. டெலிகிராமில் முகம் தெரியாதவரிடம் வாங்குவது அதற்குத் தீர்வாகாது.

அம்மா அப்பாவோடு மருத்துவரைப் பார்க்கப் போகிறீர்களா?

பல வீடுகளில் மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்லும் வேலை பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்தான். அடுத்த முறை குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்துக்கோ போகும்போது இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

• சர்க்கரை அளவு மட்டுமின்றி, இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன? சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா?

• இந்த வகை மருந்து அப்பாவுக்குப் பொருந்துமா? சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்கும் வேறு மாத்திரைகள் உண்டா?

• இப்போது சாப்பிடும் மருந்துகளில் எதையாவது குறைக்கவேண்டுமா?

• கண் பரிசோதனை கடைசியாக எப்போது?

• செலவில் எவ்வளவு மானியம் கிடைக்கும்?

அறுவைச் சிகிச்சைக்கோ எண்டோஸ்கோப்பிக்கோ முன்பு, இந்த ஊசி போடுவதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும். உணவு மெதுவாக இறங்குவதால், பட்டினி இருந்தாலும் இரைப்பையில் மிச்சம் இருக்கலாம்.

"சர்க்கரைதான் கட்டுக்குள்ள இருக்கே, அப்புறம் எதுக்கு இந்த ஊசி?" என்று அப்பா கேட்டால், அதற்கான பதில் சர்க்கரை எண்ணில் மட்டும் இல்லை. அவருடைய இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்தே மருத்துவர் முடிவெடுப்பார்.